தோட்டத்துக் கூரையில் இணைய டிஷ்: 'லைன்' போனால் யாரைக் கேட்பது?

தீபாவளிக்குப் பாட்டி வீட்டுக்குப் போகிறீர்கள். சிரம்பானில் கிளம்பும்போது கைப்பேசியில் நாலு கோடு. கோலப்பிலா தாண்டியதும் இரண்டு. பிரதான சாலையை விட்டுச் செம்பனைக்குள் திரும்பிய கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே இல்லை. தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "இங்க லைன் இல்ல தம்பி, கோயில் மேட்டுக்குப் போய்ப் பாருங்க."

உங்களுக்கு அது இரண்டு நாள் தொல்லை. அங்கேயே இருக்கும் எஸ்பிஎம் மாணவிக்கு அது ஆண்டு முழுக்கத் தொல்லை. 2020 மார்ச் மாதம் பள்ளிகள் மூடப்பட்டபோதும், 2024 தொடக்கத்தில் 'பாடு' தரவுத்தளத்தில் எல்லாரும் பதியச் சொன்னபோதும், லைன் இல்லாத வீடுகள்தான் முதலில் பின்தங்கின.

இப்போது ஒரு புது வழி வந்திருக்கிறது. கோபுரமும் வேண்டாம், கேபிளும் வேண்டாம். கூரையில் ஒரு டிஷ் வைத்தால் துணைக்கோள் வழியாக இணையம். பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் விலை ஏறினால், வேகம் குறைந்தால், சேவையே நின்றால் யார் பொறுப்பு? அதை யார் கண்காணிப்பது? தோட்டத்து மக்களுக்கு இதில் என்ன உரிமை? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கோபுரம் ஏன் தோட்டத்துக்குள் வரவில்லை?

முதல் காரணம் நிலம். தித்திவங்சா மலைத்தொடரின் தென்முனை நெகிரி செம்பிலானில்தான் இறங்குகிறது. ஜெலுபு, கோலப்பிலா பக்கம் ஒரு குன்று குறுக்கே நின்றால் போதும், கோபுரத்தின் அலை மறுபக்கம் வராது. வளர்ந்த செம்பனை மரங்களும் அலையை உறிஞ்சிக்கொள்ளும்.

இரண்டாவது, கணக்கு. ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இருந்த லயங்களில் இன்று சில வீடுகள்தான் மிச்சம். அத்தனை குறைந்த வாடிக்கையாளர்களுக்காகப் பெரிய செலவில் கோபுரம் கட்ட எந்த நிறுவனமும் தானாக முன்வராது.

மூன்றாவது காரணம்தான் அதிகம் பேசப்படாதது: தோட்டம் தனியார் நிலம். கம்போங்குக்குச் சாலை போடுவது போல அரசாங்கம் நேரடியாக உள்ளே வந்து எதையும் செய்துவிட முடியாது. தமிழ்ப்பள்ளிகளைப் பாருங்கள். நெகிரி செம்பிலானில் இருக்கும் 61 பள்ளிகளில் பலவற்றின் பெயரே லாடாங் என்றுதான் தொடங்குகிறது. தோட்ட நிலத்தில் இருப்பதாலேயே பல பள்ளிகள் நீண்ட காலமாகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளாக இருந்தன. குடிநீருக்கும் மின்சாரத்துக்கும் இதே கதைதான். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்குக் குழாய் நீரும் மின்சாரமும் தருவது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம், அதாவது சட்டம் 446, சொல்கிறது. அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது வீடுகளில் இணையம் என்ற பேச்சே இல்லை.

ஆக, தோட்டம் பட்டணமும் இல்லை, கம்போங்கும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்கே திரும்ப வருவோம்.

ஆஸ்ட்ரோ டிஷ் ஏற்கெனவே இருக்கிறதே, அது போதாதா?

போதாது. 1996-இல் ஏவப்பட்ட மியாசாட்-1 துணைக்கோளில் தொடங்கியது ஆஸ்ட்ரோ ஒளிபரப்பு. அந்த டிஷ் வாங்கிக்கொள்ள மட்டும்தான் செய்யும். இணையத்துக்கு வாங்கவும் வேண்டும், திருப்பி அனுப்பவும் வேண்டும். அதற்கான கருவி வேறு.

இணையம் தரும் துணைக்கோள்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பூமியிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில், நம் பார்வைக்கு ஒரே இடத்தில் நிற்பது. 2022 ஜூன் மாதம் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்ட மியாசாட்-3டி இந்த வகை. கோபுரம் எட்டாத இடங்களுக்கு 100 எம்பிபிஎஸ் வரை வேகம் தருவது அதன் நோக்கங்களில் ஒன்று. ஆனால் தூரம் அதிகம். நீங்கள் அனுப்பும் கேள்வி மேலே போய், கீழே இறங்கி, பதில் அதே வழியில் திரும்ப ஏறக்குறைய அரை விநாடி ஆகும். யூடியூப் பார்க்கும்போது தெரியாது. கூகல் மீட்டில் ஆசிரியருக்குப் பதில் சொல்லும்போது தெரியும்.

இன்னொன்று, ஏறக்குறைய 550 கிலோமீட்டர் உயரத்தில் ஆயிரக்கணக்கில் சுற்றிவரும் சிறு துணைக்கோள்கள். ஸ்டார்லிங்க் இந்த வகை. தாமதம் மிகக் குறைவு. ஆனால் தலைக்கு மேலே வானம் திறந்திருக்க வேண்டும். செம்பனைக்கு அடியில் டிஷ் வைத்தால் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும். இரண்டு வகைக்குமே அடைமழை ஆகாது.

சரி, இதையெல்லாம் யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம், சுருக்கமாக எம்சிஎம்சி. 1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம்தான் அதன் கையில் இருக்கும் கருவி. இணையம் கேபிளில் வந்தாலும், கோபுரத்தில் வந்தாலும், வானத்தில் இருந்து வந்தாலும் அதே சட்டம்தான்.

முதல் பூட்டு உரிமம். உரிமம் இல்லாமல் யாரும் நாட்டில் இணையச் சேவை விற்க முடியாது. ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு 2023 ஜூலையில் உரிமம் கிடைத்தது. வழக்கமாக வெளிநாட்டுப் பங்குக்கு வரம்பு உண்டு. முழுக்க வெளிநாட்டு உடைமையான இந்த நிறுவனத்துக்கு அரசாங்கம் அதிலிருந்து விலக்கு தந்தது. அப்போது அது விவாதமும் ஆனது. உள்ளூர் நிறுவனங்கள் விதிகளுக்குள் நின்று கோபுரம் கட்டும்போது வெளிநாட்டு நிறுவனத்துக்குச் சலுகை ஏன் என்றார்கள் ஒரு தரப்பினர். கோபுரமே வராத இடத்துப் பிள்ளைகள் இன்னும் எத்தனை ஆண்டு காத்திருப்பது என்றார்கள் மறு தரப்பினர்.

இரண்டாவது பூட்டு கருவி. இங்கே விற்கப்படும் தொடர்புக் கருவிகள் சிரிம் சான்றும் எம்சிஎம்சி முத்திரையும் பெற்றிருக்க வேண்டும். "வெளிநாட்டிலிருந்து மலிவாக டிஷ் வரவழைத்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் முதலில் அந்த முத்திரையைப் பாருங்கள்.

மூன்றாவது பூட்டு தரம். சேவை நிறுவனங்கள் கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய தர அளவுகளை ஆணையம் வகுக்கிறது. கம்பிவழிச் சேவைக்கு ஒன்று, கம்பியில்லாச் சேவைக்கு ஒன்று எனத் தனித்தனியாக. அந்த அளவைத் தொடாத நிறுவனத்துக்கு அபராதம் போடலாம்.

விலையையும் ஆணையமே நிர்ணயிக்குமா?

இல்லை. இங்கேதான் பலர் தவறாக நினைக்கிறோம். நமது சட்டப்படி சில்லறை விலையை நிறுவனமே முடிவு செய்யலாம். விலை நியாயமாக இருக்க வேண்டும், காரணமில்லாமல் பாகுபாடு காட்டக் கூடாது என்பது பொது விதி. தக்க காரணம் இருந்தால் அமைச்சர் தலையிடலாம். ஆனால் மாதம் இவ்வளவுதான் வாங்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்த பட்டியல் கிடையாது.

இதைத் தோட்டத்துச் சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள். 2023-இல் ஸ்டார்லிங்க் அறிமுகமானபோது மாதக் கட்டணம் 220 ரிங்கிட், கருவிக்கு 2,300 ரிங்கிட். அப்போது குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட். அதாவது கருவி வாங்கவே ஒரு மாதச் சம்பளம் போதாது. அதன் பிறகு மாதாமாதம் சம்பளத்தில் ஏறக்குறைய 15 விழுக்காடு. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ஆனது. அப்போதும் அந்த 220 ரிங்கிட் பெரிய தொகைதான். வானத்தில் இருந்து எல்லா வீட்டுக்கும் அலை வருகிறது. எல்லா வீட்டாலும் வாங்க முடியவில்லை.

அப்படியானால் நாலு வீடு சேர்ந்து ஒரு டிஷ் வாங்கினால்? அக்கம்பக்கத்தாரோடு பகிர்வது வேறு, காசு வாங்கிக்கொண்டு பிரித்து விற்பது வேறு. விற்கத் தொடங்கினால் சட்டத்தின் கண்ணில் நீங்களே சேவை வழங்குநர் ஆகிவிடலாம். உரிமம் எங்கே என்ற கேள்வி வரும். நிறுவனத்தின் ஒப்பந்தத்தையும் முதலில் படித்துவிடுங்கள்.

வாங்க முடியாதவர்களுக்கு வழியே இல்லையா?

இருக்கிறது. நம்மில் பலருக்குத் தெரியாத நிதி ஒன்று உண்டு: அனைவருக்குமான சேவை நிதி. உரிமம் பெற்ற நிறுவனங்கள், குறிப்பிட்ட வரம்புக்கு மேல் வருமானம் வந்தால், கணக்கிடப்பட்ட நிகர வருமானத்தில் 6 விழுக்காட்டை இதில் செலுத்த வேண்டும். ஊர்களில் நீங்கள் பார்க்கும் நாடி இணைய மையங்களும் பல கிராமப்புறக் கோபுரங்களும் இந்தப் பணத்தில் வந்தவை. உங்கள் கைப்பேசிக் கட்டணத்தில் ஒரு துளியும் அதில் இருக்கிறது.

முக்கியமான வரி இதுதான்: அந்த நிதி யாருக்கு? சேவை குறைந்த பகுதிகளுக்கு மட்டும் அல்ல, சமூகத்தில் சேவை குறைந்த குழுக்களுக்கும் என்கிறது சட்டம். தோட்டக் குடியிருப்பு இரண்டு வாசல் வழியாகவும் உள்ளே வரலாம்.

பிறகு ஏன் வரவில்லை? 2020-இல் தொடங்கிய ஜெண்டேலா திட்டம், மக்கள் வாழும் பகுதிகளில் 4ஜி சேவையை 2022 முடிவுக்குள் 96.9 விழுக்காட்டுக்குக் கொண்டுவர இலக்கு வைத்தது. நல்ல எண்தான். ஆனால் மீதி 3 விழுக்காட்டில் யார் இருக்கிறார்கள்? பிரதான சாலையில் முழு லைன் கிடைப்பதால் அந்த வட்டாரமே 'சேவை உள்ள இடம்' என்று வரைபடத்தில் தெரியலாம். இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் லயம் அந்த வண்ணத்துக்குள் மறைந்துபோகும். அங்கிருந்து யாரும் புகார் கொடுக்காவிட்டால், அங்கே பிரச்சினை இருப்பதே யாருக்கும் தெரியாது.

டிஷ் திடீரென நின்றுபோனால்?

நிற்கும். 2021 ஜூன் 21-ஆம் தேதி மியாசாட்-3 துணைக்கோளில் கோளாறு ஏற்பட்டு, ஆஸ்ட்ரோ அலைவரிசைகள் பல வீடுகளில் தடைப்பட்டன. வேறு துணைக்கோள்களுக்கு மாற்றித்தான் சமாளித்தார்கள். 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் உலகம் முழுக்க இரண்டரை மணி நேரம் முடங்கியது. காரணம் மென்பொருள் கோளாறு.

இதன் கடுமையைக் காட்டிய இடம் கனடாவின் வடகோடி. நுனாவுட் பகுதியில் 25 ஊர்கள். ஒன்றையொன்று இணைக்கும் சாலை கிடையாது. வெளியுலகத் தொடர்புக்குத் துணைக்கோள் மட்டுமே. 2011 அக்டோபர் 6-ஆம் தேதி ஒரே ஒரு துணைக்கோள் தடுமாறியது. தொலைபேசி, இணையம், வங்கி இயந்திரம் எல்லாம் நின்றன. விமானங்கள் தரையிலேயே கிடந்தன. பிறகு அந்த நாட்டின் ஒழுங்குமுறை ஆணையம் துணைக்கோள் சேவையின் விலையையும் போதாமையையும் தனியாக விசாரித்தது. 2016-இல் அகண்ட அலைவரிசை இணையத்தை அடிப்படைச் சேவை என்றே அறிவித்தது. அங்கே கற்ற பாடம்: டிஷ் கொடுத்ததோடு வேலை முடியவில்லை. அது நின்றால் மாற்று வழி என்ன என்றும் ஆணையம் கேட்க வேண்டும்.

நம் தோட்டத்துக்கும் இது பொருந்தும். வீட்டு டிஷ் இணையம் தரும். கைப்பேசிக் கோபுரத்தின் இடத்தை அது பிடிக்காது. நள்ளிரவில் தாத்தாவுக்கு நெஞ்சுவலி என்றால் வாட்ஸ்அப்பில் 999-ஐ அழைக்க முடியாது. மின்சாரம் போனால் டிஷ்ஷும் போச்சு. அதனால் "துணைக்கோள் வந்துவிட்டது, இனி கோபுரம் எதற்கு" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஒன்று: அடுத்த முறை தோட்டத்துக்குப் போகும்போது லயத்தின் சரியான இடத்தைக் கைப்பேசி வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பியதும் ஜெண்டேலா வரைபடத்தில் அந்த இடம் எப்படிக் காட்டப்படுகிறது என்று பாருங்கள்.

இரண்டு: வரைபடம் சொல்வதும் அங்கே நடப்பதும் வேறாக இருந்தால், முதலில் சேவை நிறுவனத்திடம் புகார் செய்து குறிப்பு எண் வாங்குங்கள். தீர்வு இல்லையென்றால் அந்த எண்ணோடு எம்சிஎம்சி-யிடம் போங்கள். இணையத்தில் புகார் தளம் உண்டு. 1-800-188-030 என்ற எண்ணிலும் பேசலாம். "எங்க தோட்டத்துல லைன் இல்ல" என்பது மட்டும் போதாது. இடம், தேதி, நேரம், எந்த நிறுவனம், வேகச் சோதனையின் படம், எத்தனை வீடு, எத்தனை பள்ளி மாணவர்கள் என்று எழுதுங்கள்.

மூன்று: தனியாகப் போகாதீர்கள். தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோயில் நிர்வாகம், தொழிற்சங்கம், தோட்ட நிர்வாகம் ஆகியவற்றின் கையெழுத்தோடு போகும் கடிதத்துக்கு எடை அதிகம். தனியார் நிலம் என்பதால் நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் முதலிலேயே இருந்தால், "நிலச் சொந்தக்காரர் அனுமதி இல்லை" என்ற காரணம் எழாது. பிரதியைச் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள்.

பாட்டிக்கு இந்தப் படிவத்தை இயங்கலையில் நிரப்பத் தெரியாது. அதோடு, நிரப்ப அங்கே லைனும் இல்லை. லைன் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருப்பவர் நீங்கள்தான். சட்டத்தில் இரண்டு வாசல் திறந்திருக்கிறது என்று பார்த்தோம். அந்தத் தோட்டத்தின் பெயரை எழுதி அதற்குள் அனுப்ப ஒருவர் வேண்டும்.