பஞ்சாங்கம் வேண்டாம்... அரண்மனை டைரி போதும்! இங்கிலாந்தில் பெரிய இடத்து கல்யாணத்துக்கு தேதி குறிப்பது எப்படி?

கல்யாணம் என்றால் நாம முதலில் புரட்டுவது பஞ்சாங்கத்தை. இங்கிலாந்து நாட்டு பெரும் பணக்காரர்கள் வீட்டில் முதலில் விசாரிப்பது அரண்மனை டைரியை! ராஜ குடும்பத்தில் இருந்து ஆள் வரவேண்டும் என்றால், அவர்கள் எப்போது சும்மா இருக்கிறார்களோ அப்போதுதான் முகூர்த்தம். அங்கேதான் சிக்கலே.

இதற்கு சரியான உதாரணம் 2024-ம் ஆண்டு ஜூன் 7-ந்தேதி நடந்த வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் ஹியூ குரோவ்னரின் திருமணம்.

யார் இவர்?

லண்டனில் மேபேர், பெல்கிரேவியா என்று தங்கம் விலை விற்கும் இடங்களில் ஏராளமான நிலம் இவர் குடும்பத்துக்கு சொந்தம். 2016-ல் தந்தை இறந்ததும் 25 வயதிலேயே பட்டம் வந்து சேர்ந்தது. சொத்து மதிப்பு சுமார் ஆயிரம் கோடி பவுண்டு.

மன்னர் சார்லஸ் இவருக்கு ஞானத்தந்தை. இளவரசர் வில்லியமின் மூத்த மகன் ஜார்ஜுக்கு இவர் ஞானத்தந்தை. அதாவது இரண்டு பக்கமும் உறவு மாதிரி. ஒலிவியா ஹென்சன் என்ற பெண்ணுடன் 2023 ஏப்ரலில் கல்யாணம் நிச்சயம் ஆனது. அடுத்து தேதி பார்க்க வேண்டும்.

ஜூன் மாதத்தில் இடமே இல்லை

ஜூன் மாதம் அங்கே நல்ல வெயில் காலம். எல்லாரும் கல்யாணம் வைக்க ஆசைப்படும் மாதம். ராஜ குடும்பத்துக்கும் வேலை அதிகம் உள்ள மாதம் அதுதான்! 2024-ம் ஆண்டு ஜூன் கணக்கை பாருங்கள்:-

* 5, 6-ந்தேதி: இரண்டாம் உலகப்போரில் நார்மண்டி கடற்கரையில் படைகள் இறங்கியதன் 80-வது ஆண்டு நினைவு.

* 8-ந்தேதி: மன்னர் பிறந்தநாள் அணிவகுப்புக்கு ஒத்திகை.

* 15-ந்தேதி: அந்த அணிவகுப்பு.

* 18 முதல் 22 வரை: அஸ்காட் குதிரைப் பந்தயம்.

* 25-ந்தேதி முதல்: ஜப்பான் மன்னர் வருகை.

நடுவில் கிடைத்த ஒரே ஒரு நாள் போல 7-ந்தேதி வெள்ளிக்கிழமை!

போதாக்குறைக்கு மே 22-ந்தேதி நாடாளுமன்ற தேர்தல் அறிவிப்பு வேறு வந்துவிட்டது. தேர்தல் பிரசாரத்தில் இருந்து மக்கள் கவனத்தை திருப்பும் நிகழ்ச்சிகளை தள்ளிவைப்பதாக அரண்மனை சொன்னது. ஆனால் நண்பர் வீட்டு கல்யாணம் சொந்த விஷயம் ஆச்சே. அது தப்பித்தது.

முதல் நாள் பிரான்ஸ், மறுநாள் கல்யாணம்

6-ந்தேதி பிரான்சில் உலகத் தலைவர்களுடன் ஒமாகா கடற்கரையில் நின்றார் வில்லியம். மறுநாள் பகல் 12 மணி கல்யாணத்துக்கு செஸ்டர் நகர தேவாலயத்தில் ஆஜர்! விருந்தினராக மட்டும் இல்லை. வருகிறவர்களை வரவேற்று உட்காரவைக்கும் பொறுப்பு அவருக்கு. கல்யாணத்தை பார்க்க தெருவெல்லாம் கூட்டம். மணமக்கள் செலவில் ஊர் மக்களுக்கு இலவச ஐஸ்கிரீமும் கிடைத்தது.

ஆனாலும் எல்லாரும் வந்துவிடவில்லை. ஞானத்தந்தை மன்னர் சார்லஸ் வரவில்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் அவருக்கு புற்றுநோய் என்று அறிவித்திருந்தார்கள். வில்லியம் மனைவி கேத்தரினும் புற்றுநோய் சிகிச்சையில் இருந்ததால் வரவில்லை. அமெரிக்காவில் வசிக்கும் ஹாரியும் வரவில்லை. தேதி பார்த்து வைக்கலாம். உடம்பையும் குடும்பத்து மனக்கசப்பையும் தேதி பார்த்து நிறுத்த முடியுமா?

அவர்கள் வீட்டு கல்யாணத்துக்கே இந்த கதி

அடுத்தவர் கல்யாணம் மட்டும் இல்லை. 2005-ல் அப்போது இளவரசராக இருந்த சார்லசுக்கும் கமிலாவுக்கும் ஏப்ரல் 8-ந்தேதி கல்யாணம் என்று முடிவானது. ஏப்ரல் 2-ந்தேதி போப் இரண்டாம் ஜான் பால் மரணம் அடைந்தார். இறுதிச்சடங்கு அதே 8-ந்தேதி! ராணியின் சார்பில் சார்லஸ் ரோம் போகவேண்டிய நிலை. கல்யாணம் ஒரு நாள் தள்ளிப்போனது. 8-ந்தேதி என்று அச்சடித்த நினைவுப் பொருட்கள் கடைகளில் இருந்தன. அதையும் தேடிப்பிடித்து வாங்கினார்கள்.

9-ந்தேதி சனிக்கிழமை நாடே பார்க்கும் கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயம். அதன் நேரத்தையும் தள்ளிவைத்தார்கள்.

எப்படி திட்டம் போடுகிறார்கள்?

அரண்மனை நிகழ்ச்சிகளை பல மாதம் முன்பே கூடிப்பேசி முடிவு செய்துவிடுவார்கள். அதனால் கல்யாண வீட்டார் அச்சடிக்கும் முன்பே அந்தரங்க செயலாளர் அலுவலகத்தில் தேதியை கேட்டுக்கொள்வது நல்லது. ஆகஸ்டு, செப்டம்பரில் ராஜ குடும்பம் ஸ்காட்லாந்து பால்மோரலில் ஓய்வில் இருக்கும். நவம்பரில் போர் வீரர் நினைவு நாள். கிறிஸ்துமசுக்கு சாண்ட்ரிங்காம். மிச்சம் இருக்கும் நாட்களில்தான் பொறுக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. சார்லஸ் கல்யாணம் பதிவானது வின்ட்சர் நகர மன்றத்தில். அதே நாளில் அங்கே முன்பே பதிவு செய்திருந்த சாதாரண ஜோடிக்கும் கல்யாணம் நடந்தது. அரண்மனை டைரியை பார்க்காமலேயே அவர்கள் தேதி குறித்தார்கள். குறித்த நாளில் மாலையும் மாற்றிக்கொண்டார்கள். தேதி மாற்றியது இளவரசர்தான்!