‘ஸ்வாப்’ பட்டனை அழுத்தியதும் உள்ளே என்ன நடக்கிறது?

எத்தீரியத்தில் ஒரு டோக்கனைக் கொடுத்து இன்னொன்றை வாங்க என்ன செய்கிறோம்? வாலட்டைத் திறக்கிறோம், தொகையைப் போடுகிறோம், ‘ஸ்வாப்’ பட்டனை அழுத்துகிறோம். கொஞ்ச நேரத்தில் புது டோக்கன் வந்து சேர்கிறது. வெளியே தெரிவது அவ்வளவுதான். உள்ளே? ஸ்மார்ட் கான்ட்ராக்ட்டுகள் எனப்படும் நிரல்கள் ஒன்றையொன்று கூப்பிட்டு, கேள்வி கேட்டு, பதில் வாங்கி, கணக்குப் பார்த்து... அப்பப்பா! டோக்கன் மாற்றித் தரும் யூனிஸ்வாப்பின், 2020 மே மாதம் வந்த இரண்டாம் பதிப்பின் கதவைத் திறந்து, அந்தப் பேச்சை ஒட்டுக் கேட்போம், வாருங்கள்!

முதல் குரல் நம்முடையது

எந்தக் கான்ட்ராக்ட்டும் தானாக எழுந்திருக்காது. யாராவது கையெழுத்திட்ட பரிவர்த்தனை ஒன்று வந்து தட்டினால்தான் கண் திறக்கும். நாம் தட்டுவது ‘ரவுட்டர்’ என்ற கான்ட்ராக்ட்டின் கதவை. அது உடனே, இரண்டு டோக்கன்களையும் இருப்பு வைத்திருக்கும் ஜோடி கான்ட்ராக்ட்டைக் கூப்பிடுகிறது: “உன்னிடம் எவ்வளவு இருக்கிறது?” இது கேள்வி மட்டுமே கேட்கும் அழைப்பு. பதில் சொல்பவர் தன் கணக்கில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. அப்படி மாற்றினால் அழைப்பே தோற்றுவிடும்!

நூறு பைட் செய்தி

அடுத்து ரவுட்டர், டோக்கன் கான்ட்ராக்ட்டிடம் போகிறது: “இவர் கணக்கிலிருந்து ஜோடியின் கணக்குக்கு இவ்வளவு மாற்று.” இந்தச் செய்தி மொத்தமே 100 பைட்தான்! முதல் 4 பைட், எந்த வேலை வேண்டும் என்பதைச் சொல்கிறது. வேலையின் பெயரையும் அதற்குத் தேவையான தகவல் வகைகளையும் கெச்சக்-256 ஹாஷில் போட்டு, அதன் முதல் நான்கு பைட்டை மட்டும் கிள்ளி எடுத்தது அது. பிறகு யாரிடமிருந்து, யாருக்கு, எவ்வளவு என்று மூன்று தகவல்கள், ஒவ்வொன்றும் 32 பைட்.

டோக்கன் கான்ட்ராக்ட் சும்மா எடுத்துக் கொடுத்துவிடுமா? கூப்பிடுவது யார் என்று பார்க்கும். அனுப்புநரின் முகவரியை அனுப்புநர் எழுதுவதில்லை, எத்தீரியத்தின் இயந்திரமே பதிக்கிறது. அதனால் வேறொருவர் ரவுட்டர் வேஷம் போட வழியே இல்லை! “இந்த ரவுட்டருக்கு உரிமையாளர் ‘அப்ரூவல்’ தந்திருக்கிறாரா, எவ்வளவுக்கு?” என்று தன் கணக்கைப் புரட்டிப் பார்த்த பிறகே டோக்கன் நகரும்.

இதற்கிடையே, கூப்பிட்டவர் என்ன செய்கிறார்? கடிதம் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போவதில்லை. போனைக் காதில் வைத்தபடி, பதில் வரும்வரை அப்படியே நிற்கிறார். அழைப்புக்குள் அழைப்பாக 1024 அடுக்குவரை போகலாம் என்பது விதி. ஆனால் 2016 அக்டோபரில் வந்த மாற்றத்தின்படி, கையிலிருக்கும் கேஸில் (கணக்கீட்டுக்காக நாம் கட்டணம் கட்டும் எரிபொருள்) 64-ல் 63 பங்கைத்தான் அடுத்தவருக்குக் கொடுக்க முடியும். அதனால் அடுக்கு ஏற ஏறக் கேஸ் கரைந்துகொண்டே போகும்.

முதலில் கொடுக்கும், பிறகுதான் எண்ணும்!

இப்போதுதான் உச்சக்கட்டம். ரவுட்டர் ஜோடியைக் கூப்பிட்டு “மாற்றிக் கொடு” என்கிறது. ஜோடி என்ன செய்யும் தெரியுமா? நாம் கேட்ட டோக்கனை முதலில் அனுப்பிவிடும்! அதன் பிறகே இரண்டு டோக்கன் கான்ட்ராக்ட்டுகளையும் கூப்பிட்டு, “என் கணக்கில் இப்போது எவ்வளவு?” என்று கேட்கும். 0.3 சதவீதக் கட்டணம் உட்படக் கணக்கு சரியாக வந்தால் சரி. ஒரு துளி குறைந்தாலும் ‘ரிவர்ட்’! நடந்தவை எல்லாம் நடக்காததாகிவிடும், கொடுத்த டோக்கன் உட்பட. செலவான கேஸ் கட்டணம் மட்டும் திரும்பாது. எல்லாம் ஒரே பரிவர்த்தனைக்குள் அடங்குவதால்தான் இவ்வளவு துணிச்சல்!

நடுவில் புகுந்த அழைப்பு

ஆனால் கூப்பிடப்பட்டவர், பதில் சொல்லும் முன் கூப்பிட்டவரையே திரும்பக் கூப்பிட்டால்? 2016 ஜூன் 17-ல் அதுதான் நடந்தது. ‘தி டாவ்’ என்ற கான்ட்ராக்ட், எத்தீரியத்தின் நாணயமான ஈதரை அனுப்பிவிட்டுப் பிறகே கணக்கில் கழித்தது. ஈதரைப் பெற்ற கான்ட்ராக்ட், கழிக்கும் முன்பே “இன்னொரு முறை கொடு” என்று திரும்பத் திரும்பக் கேட்டது. சுமார் 36 லட்சம் ஈதர் வெளியேறியது. அதைச் சரிசெய்ய ஜூலை 20-ல் பிளாக்செயினையே பிரிக்க வேண்டியிருந்தது. பிரிவை ஏற்காதவர்களின் பக்கம்தான் இன்றைய எத்தீரியம் கிளாசிக்.

அன்றிலிருந்து கான்ட்ராக்ட் எழுதுபவர்களின் பால பாடம் இது: முதலில் சரிபார், அடுத்து உன் கணக்கை மாற்று, கடைசியில் வெளியே கூப்பிடு. முதலில் கொடுத்துவிடும் ஜோடி எப்படித் தப்பிக்கிறது? வேலை தொடங்கியதுமே உள்ளே ஒரு பூட்டைப் போட்டுக்கொள்கிறது. நடுவில் யாராவது மறுபடி மாற்றிக் கொடுக்கச் சொன்னால் கதவு திறக்காது. அழகு!

இந்தப் பேச்சு எதுவும் ரகசியமில்லை. ஈதர்ஸ்கேன் தளத்தில் உங்கள் பரிவர்த்தனையைத் திறந்தால் டோக்கன்கள் கைமாறிய வரிசை தெரியும். ஆனால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மற்ற அழைப்புகள் எல்லாம் அந்தப் பரிவர்த்தனையோடு முடிந்துவிடும். நீங்கள் தரும் ‘அப்ரூவல்’ மட்டும், அதன் அளவு தீரும்வரையோ நீங்களே ரத்து செய்யும்வரையோ உயிரோடு இருக்கும். ஆகவே ‘அப்ரூவல்’ தரும் முன், எந்தக் கான்ட்ராக்ட்டுக்கு, எவ்வளவுக்கு என்று இரண்டையும் படித்துப் பாருங்கள்.