நெஞ்சில் நீர்: அடுத்த முறை எங்கே எடுப்பது?

ஓமானின் சோஹார் நகரம் மஸ்கட்டிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பி அங்கே வாழும் தமிழர் ஒருவருக்குப் புற்றுநோயால் நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டால், சிகிச்சையோடு ஊர் திரும்புவதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய உறைகள் உள்ளன. அவற்றுக்கு நடுவே சில தேக்கரண்டி நீர்தான் இருக்கும். நுரையீரல், மார்பகப் புற்றோ லிம்போமாவோ உறைக்குப் பரவினால் நீர் அதிகம் ஊறும், வடியும் வழியும் அடைபடும். லிட்டர் கணக்கில் சேர்ந்தால் நாலடி நடந்தாலே மூச்சு வாங்கும். மல்லாந்து படுக்க முடியாது.

காசநோய், நிமோனியா, இதயக் கோளாறு ஆகியவற்றாலும் நீர் சேரும். அதனால் எடுத்த நீரைப் பரிசோதிப்பது கட்டாயம். அதில் புற்றணு இல்லையென்றால் புற்றே இல்லை என்று முடிவுகட்டிவிட முடியாது. உறையிலிருந்து சதைத்துணுக்கு எடுத்துப் பார்க்க நேரலாம்.

அல்ட்ராசவுண்ட் பார்த்து ஊசி செலுத்தி, ஒரு தடவைக்குப் பெரும்பாலும் ஒன்றரை லிட்டர் வரை எடுப்பார்கள். மூச்சு உடனே இலகுவாகும். ஆனால் பலருக்குச் சில வாரங்களிலேயே மறுபடி சேர்ந்துவிடும். அப்போது இரண்டு வழிகள். ஒன்று, நீரை வடித்துவிட்டு டால்க் தூள் செலுத்தி உறைகளை ஒட்டவைப்பது; இதற்குச் சில நாள் மருத்துவமனையில் தங்க வேண்டும். நுரையீரல் முழுதாக விரியாவிட்டால் இது பலிக்காது. மற்றொன்று, தோலுக்கடியில் மெல்லிய குழாயைப் பொருத்தி வீட்டிலேயே புட்டியில் வடிப்பது. இதில் தங்கும் நாள் குறைவு, தொற்று வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 2012-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் மூச்சுத்திணறலைக் குறைப்பதில் இரண்டும் ஏறக்குறைய சமமாகவே இருந்தன. 2018-இல் வெளியான மற்றோர் ஆய்வில், குழாய் வழியாகவே டால்க் செலுத்தியபோது 35 நாளில் 43 சதவீதத்தினருக்கு உறை ஒட்டியது. டால்க் செலுத்தாதவர்களில் அது 23 சதவீதம்.

ஆகவே எதைத் தேர்வது என்பது நோயாளி இனி எங்கே இருப்பார் என்பதைப் பொறுத்தது. குழாயோடு ஊருக்கு வருபவருக்கு வடிகால் புட்டிகள் அங்கே கிடைக்குமா, யார் வடிப்பார் என்று முன்பே விசாரிக்க வேண்டும். 2021-இல் தமிழகத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் நோய்த்தணிப்புச் சேவையும் உண்டு. ஊரில் உள்ளவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

நீர் எடுத்த பின் நெஞ்சுக்குள் காற்று தங்கியிருந்தால் விமானத்தில் அது விரிந்து ஆபத்தாகும். எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் சரி என்ற பிறகே டிக்கெட் எடுங்கள். நீர்ப் பரிசோதனை முடிவு, ஸ்கேன், எப்போது எவ்வளவு எடுத்தார்கள் என்ற குறிப்பு மூன்றும் கைப்பையில் இருக்கட்டும்.