கூட்டு வியாபாரத்தில் காசு போடுவது யார்?

சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊரில் இருவர் கூட்டுச் சேர்ந்து தேங்காயெண்ணெய் மில் ஒன்றைத் தொடங்கினார்கள். ஒருவர் ரொக்கம் போட்டார். மற்றவர் தன்னிடமிருந்த பழைய லொறியையும் ஒரு களஞ்சிய அறையையும் "இதுவும் முதல்தானே" என்று சேர்த்தார். இலாபம் வந்த வரையில் பேச்சு எழவில்லை. கொப்பரா விலை ஏறி நட்டம் வந்த பிறகுதான் அந்த லொறியின் பெறுமதி என்ன என்ற கேள்வி வந்தது. பள்ளிவாசல் நிர்வாகம் வரை போய்த்தான் தீர்ந்தது. முஷாரகா ஒப்பந்தங்களில் பொருளாக வரும் முதலை ஆரம்பத்திலேயே பணமாக மதித்து எழுதிக்கொள்வது இதற்காகத்தான்.

இதே லொறிப் பிரச்சினை ஐரோப்பாவில் பில்லியன் கணக்கான யூரோவில் நடந்திருக்கிறது என்பதை நமது வர்த்தகர்கள் அறிந்து வைத்திருப்பது நல்லது.

பெற்றோலியத்திலிருந்து எடுக்கும் பிளாஸ்டிக், எரிபொருள், இரசாயனங்களை வைக்கோல், மரம், எண்ணெய் வித்து, பண்ணைக் கழிவு ஆகியவற்றிலிருந்து செய்வதையே உயிர்மூலக் கைத்தொழில் என்கிறார்கள். பெயர்தான் புதிது. சிரட்டையைச் சுட்டுக் கரியாக்கி, அதை அக்டிவேட்டட் காபனாக்கி ஏற்றுமதி செய்யும் நமக்கு விஷயம் புதிதல்ல. ஆனால் ஆய்வுகூடத்தில் ஒரு போத்தலில் சரிவருவதை ஒரு தொழிற்சாலையில் சரிவரச் செய்ய பல கோடி வேண்டும். அந்த இடைவெளியில் வங்கி கடன் கொடுக்கத் தயங்கும். தனிக் கம்பனியும் துணியாது. ஆகவே ஐரோப்பிய ஒன்றியம் 2014ஆம் ஆண்டு கம்பனிகளின் கூட்டமைப்பு ஒன்றுடன் சேர்ந்து அரச - தனியார் கூட்டு நிறுவனம் ஒன்றை அமைத்தது. மொத்த முதல் 3.7 பில்லியன் யூரோ என்று அறிவிக்கப்பட்டது. அதில் அரச பங்கு 975 மில்லியன், கம்பனிகளின் பங்கு 2.7 பில்லியன். அரசு ஒன்று போட்டால் தனியார் ஏறத்தாழ மூன்று போடுகிறார்கள் என்று பெருமையாகப் பேசப்பட்டது.

கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் கதை வேறு. தனியார் பங்கில் குறைந்தது 1.755 பில்லியன், கம்பனிகள் தமது சொந்தத் தொழிற்சாலைகளிலும் அது போன்ற வேலைகளிலும் செய்யும் முதலீடு. மீதியில் பெரும் பகுதி தமது ஆய்வாளர்களின் சம்பளம், இயந்திரம், மூலப்பொருள் என்று பொருளாக வருவது. பொதுப் பணப்பெட்டிக்கு ரொக்கமாக வரவேண்டியது 182.5 மில்லியன் மட்டுமே. அதுவும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதுதான் நம்மைப் போன்றவர்களுக்கு உடனே விளங்கும் விடயம். பொதுப் பெட்டியில் நான் போடும் காசு, நாளை எனது போட்டிக்காரனின் ஆராய்ச்சிக்குப் போகலாம். அப்படியிருக்க நான் ஏன் போடவேண்டும்? எனது திட்டத்துக்கு என்றால் நேரடியாகப் போடுகிறேன் என்பதே கம்பனிகளின் நிலைப்பாடு. கடைசியில் 2018 ஜனவரியில் சட்டத்தையே திருத்தி, தனித்தனித் திட்டங்களுக்குள் போடும் ரொக்கத்தையும் கணக்கில் எடுக்க இணங்கினார்கள். அப்படியும் இலக்கு எட்டாது என்று தெரிந்தபோது அரச தரப்பு தனது பங்கை 975 மில்லியனிலிருந்து 835 மில்லியனாகக் குறைத்துக்கொண்டது. நீ போடாவிட்டால் நானும் போடமாட்டேன் என்று சொல்லத் துணிந்த பங்காளி. இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

போட்ட பணம் வீணாயிற்றா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. நோர்வேயில் பொறகார்ட் என்ற கம்பனி மரக்கூழிலிருந்து மிக நுண்ணிய நாரைப் பிரித்தெடுத்து பெயின்ட், பசை போன்றவற்றைத் தடிப்பாக்கும் பொருளாக விற்கிறது. இத்தாலியின் சார்டீனியாத் தீவில் பழைய பெற்றோலிய இரசாயன ஆலைகள் இருந்த போர்ட்டோ டொரஸ் என்ற இடத்தில், வரண்ட நிலத்தில் வளரும் ஒருவகை முட்செடியின் எண்ணெயிலிருந்து பிளாஸ்டிக்குக்கும் மசகெண்ணெய்க்கும் வேண்டிய அமிலங்களை எடுக்கிறார்கள். பிண்ணாக்கு கால்நடைக்குப் போகிறது. இந்தத் திட்டத்துக்குக் கிடைத்த உதவி சுமார் 17 மில்லியன் யூரோ.

ருமேனியாவின் கதை வேறு. சுவிட்சர்லாந்துக் கம்பனியான கிளாரியன்ட், பொடாரி என்ற ஊரில் கோதுமை வைக்கோலிலிருந்து எதனோல் எடுக்கும் ஆலையை 100 மில்லியன் யூரோவுக்கு மேல் செலவிட்டுக் கட்டி, 2021 ஒக்டோபரில் திறந்தது. இந்தக் கூட்டு நிறுவனமும் அதற்கு முந்திய ஐரோப்பிய ஆராய்ச்சித் திட்டமும் சேர்ந்து கொடுத்த உதவி 40 மில்லியனுக்கு மேல். வருடத்துக்கு 2 இலட்சத்து 50 ஆயிரம் தொன் வைக்கோலில் 50 ஆயிரம் தொன் எதனோல் என்பது திட்டம். வைக்கோல் தர 300க்கு மேற்பட்ட விவசாயிகளுடன் ஒப்பந்தம் செய்தார்கள். முழு உற்பத்தியையும் வாங்க ஆளும் இருந்தது. ஆராய்ச்சி இருந்தது, மூலப்பொருள் இருந்தது, சந்தையும் இருந்தது. ஆனால் ஆலை எதிர்பார்த்தபடி ஓடவில்லை. 2023 டிசம்பரில் மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். கம்பனி தனது நட்டத்தை அந்த வருடக் கணக்கில் எழுதிக்கொண்டது. வைக்கோலை விற்கலாம் என்று எண்ணியிருந்த விவசாயிக்கு எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரிந்திருக்காது. கூட்டு முதலில் அவருக்குப் பங்கில்லை, பேச்சிலும் இடமில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஐரோப்பியர் கைவிடவில்லை. 2021இல் அடுத்த கூட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இம்முறை 2 பில்லியன் யூரோ. அரசு 1 பில்லியன் வரை, கம்பனிகள் குறைந்தது 1 பில்லியன். ஒன்றுக்கு மூன்று என்ற பெருமை போய், ஒன்றுக்கு ஒன்று என்றாகிவிட்டது. முந்தியதை விட நேர்மையான கணக்கு என்பது எனது அபிப்பிராயம்.

இலங்கையில் நமக்கு இந்த வழி தெரியாதா? 1910 அளவில் களுத்துறைத் தோட்டக்காரர்கள் சிலர் கூடி, இறப்பர் பால் உறைவதை ஆராய்வதற்கு ஓர் இரசாயனவியலாளரை அமர்த்தினார்கள். சந்தையில் ஒருவரோடொருவர் போட்டி போட்டவர்கள்தான். இருந்தும் ஓர் ஆளின் சம்பளத்தில் சேர்ந்தார்கள். இன்று அகலவத்தையில் இருக்கும் இறப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் ஆரம்பம் அதுவே. தேயிலைக்கு 1925இல் சட்டமே போட்டு, ஏற்றுமதியில் அறவிடும் செஸ் பணத்தில் ஆராய்ச்சி நடத்தினார்கள். செஸ் என்றால் நமது ஏற்றுமதியாளர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஐரோப்பியக் கம்பனிகள் தட்டிக்கழித்ததை அது தட்டிக்கழிக்க விடுவதில்லை. எல்லோரும் கட்டுகிறார்கள், போட்டிக்காரனும் கட்டுகிறான். அதில் எனக்கிருக்கும் ஒரே மனக்குறை, ஐரோப்பியக் கூட்டின் நிர்வாக சபையில் ஆணைக்குழுவுக்கு 5 ஆசனம், கம்பனிகளுக்கு 5 ஆசனம் என்று இருந்தது. எதை ஆராய வேண்டும் என்று காசு போட்டவனும் வாய் திறக்கலாம். செஸ் கட்டும் நமது சிறு வியாபாரியிடம் யாரும் கேட்பதில்லை.

குளியாப்பிட்டியப் பக்கம் தும்பு மில் வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். தும்புத்தூளிலுள்ள உப்பைக் குறைந்த தண்ணீரில் கழுவி எடுக்க ஒரு வழி கண்டுபிடித்தால் வெளிநாட்டு வாங்குநர் தரும் விலையே வேறு என்று அவர் அடிக்கடி சொல்பவர். பத்து மில்காரர்கள் சேர்ந்து ஓர் இரசாயனவியலாளரை இரண்டு வருடத்துக்கு அமர்த்தினால் என்ன என்று கேட்டேன். கல்குலேட்டரை எடுத்துத் தட்டிப் பார்த்தார். "பெரிய காசில்லை, எனது பங்கை நான் தாறேன் நானா" என்றார். பிறகு வேலிக்கு அப்பால் கையைக் காட்டி, "முதல்ல அந்த மில்காரர் போடட்டும்" என்றார்.