இடது கையால் படம் வரையும் அண்ணாச்சி

வலது கையில் மவுஸ். இடது கை கீ-போர்டின் மேல். திரையில் கோடுகள் ஓடுகின்றன, வட்டங்கள் விழுகின்றன. பார்த்துக் கொண்டிருக்கும்போதே ஒரு கட்டிடத்தின் அஸ்திவாரப் படம் உருவாகிவிட்டது. அண்ணாச்சியின் கண் திரையை விட்டு அகலவே இல்லை.

"பட்டன்களை எல்லாம் எங்கே அண்ணாச்சி காணோம்?" என்று கேட்டேன்.

"மூடி வச்சிருக்கேன் தம்பி. இடத்தை அடைக்குது" என்றார்.

தாராவியில் எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். நெல்லைச் சீமை. ஐ.டி.ஐ.யில் டிராப்ட்ஸ்மேன் படிப்பு முடித்து, 1990-களின் கடைசியில் மும்பைக்கு வந்தவர். வந்த புதிதில் பலகையும் டி-ஸ்கொயரும் டிரேசிங் பேப்பரும்தான் அவருக்குப் பிழைப்பு. பிறகு ஆட்டோகேட் பழகிக் கொண்டார். 1982-ல் வெளிவந்த அந்த சாப்ட்வேரைத் தெரியாமல் இன்று டிராயிங் ஆபீசில் நுழைய முடியாது. நம்மவர்களின் பிள்ளைகள் பலர் இந்த வேலையில் இருப்பதால், அண்ணாச்சி அடைந்த லாபத்தையும் பட்ட பாட்டையும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ரயில்வே கோடு போல

ரயில்வே டிக்கெட் கவுண்டரில் "திருநெல்வேலி" என்று முழுப்பெயரைத் தட்டுவதில்லை. டி.இ.என். என்று மூன்று எழுத்து, அவ்வளவுதான். தந்திக் காலத்துச் சிக்கனம் அது. ஆட்டோகேட்டிலும் அதே ஏற்பாடு உண்டு. "லைன்" என்ற கட்டளைக்கு ‘எல்’ போதும். வட்டத்துக்கு ‘சி’. நகர்த்துவதற்கு ‘எம்’. தட்டிவிட்டு என்டர் விசையைத் தேடவேண்டாம். ஸ்பேஸ் பாரே என்டராக வேலை செய்யும். மறுபடி ஒருமுறை ஸ்பேஸ் பாரை அமுக்கினால், கடைசியாகக் கொடுத்த கட்டளை திரும்ப வரும். இந்த ஒன்று தெரியாமல் வருடக்கணக்கில் மவுசை இழுத்துத் தோள்வலி வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

இந்தச் சுருக்கங்கள் எல்லாம் "ஏகேட்.பிஜிபி" என்ற சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கின்றன. வரிக்கு ஒன்று. சுருக்கம், ஒரு கமா, ஒரு நட்சத்திரக் குறி, பிறகு கட்டளையின் பெயர். யாரும் திறந்து மாற்றலாம். "ரீஇனிட்" என்ற கட்டளையைக் கொடுத்துக் கோப்பை மறுபடி படிக்கச் செய்தால், மாற்றம் உடனே அமலுக்கு வரும்.

அண்ணாச்சி கண்ட சூட்சுமம், எழுத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான். மவுஸ் பிடித்த வலது கையை எடுக்காமல், இடது கை எட்டும் எழுத்தாக இருக்க வேண்டும். ‘எம்’ வலது பக்கத்தில் கிடக்கிறது. ஆகவே நகர்த்துவதற்கு ‘விவி’ வைத்தார். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர் அல்லவா? விரல் கணக்கு அவருக்குக் கைவந்தது.

மேக்ரோ என்றால்?

சுருக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. அது ஒரு கட்டளையின் பெயரை மட்டுமே குறிக்கும். நாலு கட்டளைகளைக் கோத்து, ஒரே தட்டில் நடத்த வேண்டுமானால் மேக்ரோ எழுத வேண்டும். அந்த மொழியில் அரைப்புள்ளி என்றால் என்டர். பின்சாய்ந்த கோடு என்றால், "நில், ஆள் வந்து புள்ளி காட்டட்டும்" என்று பொருள். தொடக்கத்தில் பெரும்பாலும் கண்ட்ரோல்-சி இரண்டு தடவை வரும். பாதியில் நிற்கும் பழைய கட்டளையை ரத்து செய்ய. டாஸ் காலத்தில் ரத்துக்கு அந்த விசைதான். இப்போது எஸ்கேப். ஆனாலும் மேக்ரோவில் பழைய குறியே நிலைத்துவிட்டது. மெட்ராஸ் 1996-ல் சென்னை ஆன பிறகும் சென்ட்ரலுக்கு எம்.ஏ.எஸ். என்ற கோடு இருக்கிறதே, அந்த மாதிரி!

இன்னும் பெரிய வேலைக்கு "ஆட்டோலிஸ்ப்" இருக்கிறது. விலை குறைந்த எல்.டி. வகையில் வெகுகாலம் இது கிடையாது. 2024-ஆம் பதிப்பிலிருந்து கொடுத்திருக்கிறார்கள். அண்ணாச்சி ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு, ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து இதைக் கற்றார். தூணின் குறுக்குவெட்டில் கம்பிகளைத் தானாக வைக்கும் ஒரு லிஸ்ப் எழுதினார். அரை மணி நேர வேலை அரை நிமிஷத்தில் முடிந்தது.

கம்பி நகர்ந்த கதை

ஆபத்தும் அங்கேதான் இருந்தது. கான்கிரீட் தூணில் நீளக் கம்பிக்கு வெளியே விடும் "கவர்" சாதாரணமாக 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது ஐ.எஸ். 456 விதி. ஒருநாள் அண்ணாச்சியின் படத்தில் மூலைக் கம்பிகள் தூணின் வெளிவிளிம்பிலேயே போய் ஒட்டிக்கொண்டிருந்தன. கவரே இல்லை! நல்லவேளை, என்ஜினீயர் கண்ணில் பட்டது. அப்படியே சைட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகும்?

காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. கோட்டின் முனையைத் தேடிப் பிடிக்கும் "ஆப்ஜெக்ட் ஸ்னாப்" போட்டபடி இருந்தது. லிஸ்ப் கொடுக்கும் புள்ளியையும் அது பக்கத்து முனைக்கு இழுத்துவிடும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து அவர் சோதித்தபோது மூலை தூரத்தில் இருந்தது, சரியாக வந்தது. படத்தைச் சிறிதாக்கி வைத்து ஓட்டியபோது, மூலை அதன் கைக்கு எட்டிவிட்டது. இப்போது அவர் லிஸ்ப் முதல் காரியமாக "ஓஸ்மோட்" என்பதைப் பூஜ்யமாக்குகிறது. முடிந்ததும் பழைய எண்ணைத் திருப்பி வைக்கிறது. நடுவில் எஸ்கேப் தட்டினாலும் திருப்பி வைக்க ஒரு பகுதி தனியாக எழுதியிருக்கிறார். அதற்குத்தான் அதிக நேரம் பிடித்ததாம்.

காலை வாரிய ‘சி’

மற்றொரு அடி இதைவிடப் பெரியது. பிரதி எடுக்கும் "காப்பி" கட்டளைக்குக் கம்பெனி வைத்த சுருக்கம் ‘சிஓ’. அண்ணாச்சி இதற்கு ‘சி’ என்ற எழுத்தையே எடுத்துக் கொண்டு, வட்டத்தை வேறு எழுத்துக்குத் தள்ளிவிட்டார். பல வருஷம் அப்படியே ஓடியது. மகளின் கல்லூரிச் செலவுக்காக வளைகுடா வேலைக்கு மனுப் போட்டார். ஏஜென்சியில் டெஸ்ட் வைத்தார்கள். ஒரு மணி நேரம், ஒரு படம். யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டர்.

‘சி’ தட்டினார். வட்டம் வந்தது. ரத்து செய்தார். மறுபடி விரல் ‘சி’க்கே போனது. மறுபடி வட்டம்! மெனுவில் பட்டனைத் தேடினார். பட்டனை மூடி வைத்தே பழகியவருக்கு அது எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. மணி அடித்தபோது படம் முக்கால்தான் முடிந்திருந்தது.

"இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ் தம்பி. நேத்து வந்த பையன் எனக்கு முன்னாடி எழுந்து போறான்" என்றார்.

தன் மெஷினைத் தனக்கு வசதியாக்கிக் கொள்ளாதவன் டிராப்ட்ஸ்மேனே அல்ல என்பது இப்போதும் அவர் கட்சி. என் அபிப்பிராயமும் அதுதான். ஆனால் கம்பெனி கொடுத்த எழுத்தைப் பறித்து வேறொன்றுக்குக் கொடுப்பதை விட்டுவிட்டார். ஒரே கட்டளைக்கு எத்தனை சுருக்கம் வேண்டுமானாலும் வைக்கலாம் என்பதால், ‘எம்’ தன் இடத்தில் இருக்க ‘விவி’யும் கூடவே வேலை செய்கிறது. புதிதாக வைப்பதெல்லாம் இரட்டை எழுத்து. அதிலும் ‘ஏஏ’, ‘ஆர்ஆர்’ இரண்டையும் தொடுவதில்லை. அவற்றுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. அந்தக் கோப்பின் பிரதி ஒன்று அவருடைய பென் டிரைவில் எப்போதும் இருக்கிறது. சாப்ட்வேரின் புதுப் பதிப்பு வந்து ஆபீசில் எல்லோருடைய சுருக்கங்களும் மறைந்துபோனபோது, அன்று மத்தியானமே வேலையைத் தொடங்கியவர் இவர் ஒருவர்தான்.

வாரம் ஒருநாள், சுருக்கம் எதுவும் மாற்றாத மகளின் லேப்டாப்பில் உட்கார்ந்து ஒரு படம் வரைகிறார். தை மாதத்துக்குப் பிறகு இன்னொரு டெஸ்ட் இருக்கிறதாம். போன ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது பாதிப் படத்தில் இருந்தார். ‘சி’யைத் தட்டினார். வட்டம் வந்தது. தலையில் அடித்துக்கொண்டு எஸ்கேப்பை அமுக்கினார்.