திருவிழாவுக்கு முன் ஒரு பாடவேளை

சித்திரை மாதக் கடைசி வந்துவிட்டால் தேனி மாவட்டமே வீரபாண்டியை நோக்கித் திரும்பிவிடும். கௌமாரியம்மன் கோயில் திருவிழாவின் எட்டு நாளும் இரவு பகலாகக் கூட்டம்தான். தீச்சட்டி, ஆயிரங்கண் பானை, முல்லைப் பெரியாற்றுக் குளியல், ராட்டினம் என்று நம் மாணவர்கள் ஆண்டு முழுவதும் எதிர்பார்த்திருக்கும் நாள்கள் அவை. ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பெரியவர்கள் துணையின்றி நண்பர்களோடு இரவு முழுக்க வெளியே இருப்பதும் பெரும்பாலும் அப்போதுதான். முதல் மிடறு மதுவோ முதல் இழுப்புக் கஞ்சாவோ இப்படிப்பட்ட இரவில்தான் கைக்கு வருகிறது. அந்நேரம் பள்ளிக்குக் கோடை விடுமுறை. எனவே, சொல்ல வேண்டியதை ஆண்டுத் தேர்வு தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

உறுதிமொழி மட்டும் போதுமா?

உறுதிமொழி, பேரணி, ஓவியப் போட்டி எல்லாம் நடத்துகிறோம், நடத்தவும் வேண்டும். ஆனால் அவை மட்டும் போதாது. அமெரிக்காவில் 1983-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தொடங்கிய 'டேர்' திட்டத்தில் சீருடைக் காவலர்கள் வகுப்பறைக்கு வந்து பாடம் எடுத்தார்கள். பின்னர் நடந்த ஆய்வுகளில், அதனால் நீடித்த பயன் எதுவும் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. போதைப்பொருள் அலுவலகமும் 2018-இல் வெளியிட்ட தடுப்புத் தர அளவுகளும் இதையே கூறுகின்றன: பயமுறுத்துவதும் ஒருவழிச் சொற்பொழிவும் பலன் தருவதில்லை, கலந்துரையாடலும் வாழ்வியல் திறன் பயிற்சியும் பலன் தருகின்றன.

காரணம் எளிது. 'ஒரு தடவை இழுத்தால் பைத்தியம்தான்' என்று நாம் சொல்கிறோம். இழுத்த அண்ணன் ஒருவன் மறுநாள் கிரிக்கெட் ஆடுவதை மாணவன் பார்க்கிறான். அதன் பிறகு நாம் சொல்லும் உண்மையையும் அவன் நம்புவதில்லை.

கேள்விப் பெட்டி

நான் ஏப்ரல் தொடக்கத்தில் வகுப்பில் ஓர் அட்டைப் பெட்டி வைக்கிறேன். பெயர் எழுதாமல் கேள்வி போடலாம். அடிக்கடி வருபவை மூன்று.

'பீர் குடித்தால் சூடு தணியுமா?' தணியாது. மது சிறுநீரை அதிகமாக வெளியேற்றும். மே மாத வெயிலில் உடலின் நீர் மேலும் வற்றும். குடித்துவிட்டு ஆற்றில் இறங்கினால் ஆழம், இழுப்பு, தன் பலம் மூன்றையும் மனம் தப்புக் கணக்குப் போடும்.

'கஞ்சா மூலிகைதானே?' செடிதான். அரளியும் செடிதான். மூளையின் வளர்ச்சி இருபது வயதைத் தாண்டியும் தொடர்கிறது. பதின்ம வயதில் தொடர்ந்து கஞ்சா எடுப்பவர்களுக்கு நினைவாற்றல் குறைவு, மனநோய் ஆபத்து ஆகியவை கூடுகின்றன. எல்லாருக்கும் வரும் என்று சொல்வதில்லை. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதைச் சொல்கிறேன். தின்பண்டத்தில் கலந்தது மெதுவாக ஏறும். 'ஒன்றும் செய்யவில்லையே' என்று மேலும் தின்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

'சாராயம் இயற்கையானதாமே?' கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். கண்ணுக்கும் மூக்குக்கும் அது தனியாகத் தெரியாது. உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும். பல மணி நேரம் கழித்துக்கூடப் பார்வை மங்கலாம், வயிறு வலிக்கலாம். உடனே மருத்துவமனை சென்றால் மாற்று மருந்தும் ரத்தச் சுத்திகரிப்பும் உண்டு.

நண்பன் மயங்கிக் கிடந்தால்

இந்தப் பாடவேளையின் உயிர்ப் பகுதி இதுதான். வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயத்தில் மயங்கியவனைத் தோப்பு ஓரத்தில் 'தூங்கட்டும்' என்று விட்டுப் போவதுதான் பெரிய ஆபத்து. அதிகம் குடித்தவருக்கு இருமும் அனிச்சைச் செயல் மங்கிவிடும். மல்லாந்து படுத்திருந்தால் வாந்தி மூச்சுக்குழலை அடைத்துவிடும்.

வகுப்பில் இருவர் இருவராகச் செய்து பார்க்க வைக்கிறேன்:

1. தோளைத் தட்டிக் கூப்பிடு. எழவில்லை, மூச்சு மிக மெதுவாக இருக்கிறது, உதடு நீலம் பாய்ந்திருக்கிறது, வலிப்பு வருகிறது என்றால் உடனே 108.
2. மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வை. தலையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, வாய் தரையை நோக்கி இருக்கட்டும்.
3. மோர், எலுமிச்சைச் சாறு, உப்புநீர் எதையும் வாயில் ஊற்றாதே. வாந்தி எடுக்க வைக்காதே.
4. தனியே விடாதே. என்ன எடுத்தான் என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்.
5. குடித்தவன் ஓட்டும் வண்டியில் ஏறாதே.

'நாமே சொல்லிக்கொடுப்பது ஆகாதா?'

சக ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்கும் நியாயமான கேள்வி இது. முதல் வாக்கியமாக 'தொடாமல் இருப்பதே பாதுகாப்பு' என்றுதான் தொடங்குகிறேன். தொட்டுவிட்டவனும் நம் மாணவன்தான் என்பது இரண்டாவது வாக்கியம். இதற்குத் தீங்கு குறைப்பு என்று பெயர். ஊசியால் போதை ஏற்றிக்கொள்வோருக்கு எச்.ஐ.வி. பரவாமல் இருக்க, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பே புதிய ஊசிகள் வழங்குகிறது. மணிப்பூர் அரசு 1996-லேயே இதைத் தன் எய்ட்ஸ் கொள்கையில் சேர்த்தது. தலைக்கவசம் போடச் சொல்வது விபத்துக்கு அனுமதி ஆகாது.

நம்மிடம் வந்து சொன்னால்

ஒரு பிள்ளை 'சார், எடுத்துட்டேன்' என்று சொன்னால் முதலில் கேட்க வேண்டியது 'இப்ப உடம்புக்கு எப்படி இருக்கு?' என்பதே. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பெயர் சொல்வதோ மாற்றுச் சான்றிதழை நீட்டுவதோ அந்தப் பிள்ளையை விற்பவர் கையில் ஒப்படைப்பதாகும். சட்டமும் சிறுவனைவிட, கொடுத்தவரையே கடுமையாகப் பார்க்கிறது. இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 77-ஆம் பிரிவின்படி, குழந்தைக்கு மது, போதைப்பொருள், புகையிலை கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை உண்டு. போதைக்கு அடிமையானவர் தாமே சிகிச்சைக்கு முன்வந்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெறவும் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64அ பிரிவு வழி தருகிறது.

போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, குழந்தைகள் உதவிக்கு 1098. இவற்றோடு 108-ஐயும் சேர்த்து, தேர்வு கால அட்டவணையின் பின்பக்கத்தில் மாணவர்கள் எழுதிக்கொள்ளட்டும். அட்டவணைத் தாள் விடுமுறையில் தொலைந்துவிடும் என்பதால், எண்களை மனப்பாடமாகவும் கேட்டுவிடுங்கள். ஒரு பாடவேளை போதும்.