தேயிலை நாரை இழுக்கும் மின்சாரம், ரவுட்டரையும் கெடுக்கும்

தேயிலை ஸ்டோரின் சலிப்பறையில் பிவிசி உருளைகள் பூட்டிய இயந்திரம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். உருளைகள் கம்பளித் துணியில் உரசிக்கொண்டே சுழலும். அடியில் அதிரும் தட்டில் தேயிலைத்தூள் நகர்ந்து போகும்போது, அதில் கலந்திருக்கும் சிவந்த நாரும் காம்புத் துண்டுகளும் மட்டும் துள்ளி எழுந்து உருளையில் ஒட்டிக்கொள்ளும். தூள் கீழேயே போய்விடும். நார் இலேசானது, தூளைவிடச் சற்று ஈரம் கூடியது. அதனால்தான் உருளையில் ஏறியிருக்கும் நிலைமின்னேற்றத்துக்கு அது முந்திக்கொண்டு வசப்படுகிறது.

தலவாக்கலை சென்கூம்ஸில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருப்பதால், இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் இப்படியொரு இயந்திரத்தை நேரிலேயே பார்த்திருப்பார்கள். ஆனாலும் கணினி வேலை பார்க்கும் இளைஞர்களிடம் நிலைமின்சாரம் பற்றிப் பேச்செடுத்தால், "மலையில எந்நேரமும் ஈரந்தானே, இங்க எங்க ஸ்டேட்டிக்?" என்று கேட்கிறார்கள். கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. ஈரக்காற்றில் மேற்பரப்புகளில் மெல்லிய நீர்ப்படலம் படிந்து, ஏற்றம் கசிந்து போய்விடும். ஆனால் ஈரம் அதைக் குறைக்குமே தவிர ஒழிக்காது.

மின்னணுத் தொழிலில் பல பத்தாண்டுகளாக எடுத்தாளப்படும் அளவுகள் சில உண்டு. வினைல் விரித்த தரையில் நடக்கும் ஒருவர் உடம்பில், காற்றின் ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதமாக இருந்தால் 12,000 வோல்ட் வரை ஏறலாம். 65 சதவீதத்துக்கு மேல் போனால் அது 250 வோல்ட்டாக இறங்கிவிடும். மேசையிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுப்பது 20,000 வோல்ட் வரை உண்டாக்கும். நல்ல ஈரத்திலும் அது 1,200 வோல்ட். நாம் போடும் ஸ்வெட்டரையும் பிளாஸ்டிக் கதிரையையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். குளிருக்கு அறையைப் பூட்டி ஹீட்டர் போட்டால், வெளியே மூடுபனி நின்றாலும் உள்ளே ஈரப்பதம் இறங்கிவிடும்.

ஏறத்தாழ 3,000 வோல்ட்டுக்குக் கீழே இருக்கும் மின்பொறியை நம் விரல் உணராது. "எனக்கு ஷொக் அடிக்கவே இல்லையே" என்பவர் அதுவரை எதையும் அறியாமலே இருந்திருக்கலாம். சில்லுகளிலோ சில நூறு வோல்ட்டிலேயே பழுதாகக்கூடியவை உண்டு. மெமரிச் சில்லில் ஒவ்வொரு தகவல் துணுக்கும் ஒரு நுண்ணிய கொள்ளளவியில் பல்லாயிரம் இலத்திரன்களாகச் சேமிக்கப்படுகிறது. 3,000 வோல்ட் ஏறிய மனித உடம்பில் இடம்மாறி நிற்பவையோ ஏறத்தாழ இரண்டு லட்சம் கோடி இலத்திரன்கள். விரல் நுனி பட்டதும், ஒரு விநாடியின் கோடியில் ஒன்றிரண்டு பங்கு நேரத்துக்கு 2 ஆம்பியர் வரை பாய்ந்துவிடும். உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்களின் காப்புப் படலம் சில நானோமீட்டர் தடிப்பம்தான். நானோமீட்டருக்கு ஏறத்தாழ 1 வோல்ட் தாண்டினால் அது துளைபட்டுப்போகும். சில்லு செய்பவர்கள் பின்களின் ஓரத்தில் காப்புச் சுற்றுகள் வைத்திருக்கிறார்கள். அவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு.

உடனே செத்துப்போன சில்லைக் கண்டுபிடிப்பது சுலபம். அரைகுறையாக அடிபட்டதுதான் ஆளை அலைக்கழிக்கும். மெமரி கார்டைப் பொருத்திய அன்று ரவுட்டர் நன்றாகவே ஓடும். சில வாரம் கழித்துக் காரணமில்லாமல் தானாகவே ரீஸ்டார்ட் ஆகும். லைன் சரியில்லை என்று இணைய நிறுவனத்தைத் திட்டுவார்கள்.

வீட்டு ரவுட்டர்களில் மெமரி பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், அதில் கைவைக்க வேலையில்லை. அலுவலகங்களில் பயன்படும் சிஸ்கோ 1841, 2811 போன்ற ரவுட்டர்களில்தான் கழற்றிமாட்டும் மெமரி கார்டு உண்டு. செகண்ட் ஹேண்டாக வாங்கி மெமரி கூட்டிக்கொள்பவர்களும் உண்டு.

அப்படிக் கூட்டும்போது முதலில் ரவுட்டரை அணைத்து, பவர் வயரையும் நெட்வொர்க் கேபிள்களையும் கழற்றிவிட வேண்டும். பிறகு உடம்பின் ஏற்றத்தை வடித்துவிடும் கைப்பட்டி. இதை ஸ்வெட்டர் கைக்கு மேலே கட்டினால் ஒரு பயனும் இல்லை, வெறும் தோலில் இறுகப் பதிய வேண்டும். அதன் கிளிப்பைப் பெயின்ட் இல்லாத உலோகத்திலோ, ரவுட்டரின் எர்த் திருகாணியிலோ மாட்ட வேண்டும். பட்டியின் வயரில் 1 மெகா ஓம் தடையி ஒன்று இருக்கும். தவறிப்போய் 230 வோல்ட் மின்கம்பியில் கை பட்டாலும் பட்டி வழியாக 0.23 மில்லி ஆம்பியருக்கு மேல் பாயாமல் அது பார்த்துக்கொள்ளும். அதனால் வெறும் செப்புக் கம்பியைக் கையில் சுற்றிக்கொள்வதைப் பட்டிக்கு ஈடாக நினைக்கவே கூடாது, உயிருக்கே ஆபத்து. பட்டி கட்டியிருக்கும்போது மின்சாரம் ஓடும் கருவியிலும் கை வைக்கக்கூடாது.

பிளக்கைக் கழற்றினால் எர்த்தும் போய்விடுமே என்று சிலர் கேட்பார்கள். தனி எர்த் கம்பி இழுக்காத ரவுட்டரில் போகத்தான் செய்யும். ஆனாலும் உங்கள் உடம்பும் ரவுட்டரும் கார்டும் ஒரே மின்னழுத்தத்தில் இருந்துவிட்டால், அவற்றுக்கிடையே பொறி பாய வழியில்லை. பட்டி கிடைக்காத அவசரத்தில் ஒரு கையை ரவுட்டரின் வெறும் உலோகச் சட்டத்தில் வைத்தபடியே, மற்றக் கையால் கார்டு இருக்கும் பையைத் திறப்பது அதனால்தான் ஓரளவு உதவும்.

கார்டை இரு ஓரங்களில் பிடியுங்கள். தங்கமுலாம் பூசிய பற்களிலோ கறுப்புச் சில்லுகளிலோ விரல் படக்கூடாது. கார்டின் அடியில் ஒரு வெட்டு இருக்கும், அது ஸ்லாட்டின் மேட்டோடு பொருந்தினால்தான் உள்ளே இறங்கும். இறங்காவிட்டால் திருப்பிப் பாருங்கள், அமுக்காதீர்கள். நீளமான கார்டு என்றால் இரு முனைகளிலும் சமமாக அழுத்த, பக்கத்துக் கொக்கிகள் தாமாக எழுந்து "டக்" என்று பூட்டிக்கொள்ளும்.

பை விஷயத்தில்தான் நம் கடைகள் கவனம் காட்ட வேண்டும். இளஞ்சிவப்புப் பை தானாக ஏற்றத்தை உண்டாக்காது, அவ்வளவே. வெளியிலிருந்து வருவதைத் தடுப்பது உலோகப் படலம் உள்ள வெள்ளி நிறப் பைதான். லாச்சியிலிருந்து கார்டை வெறும் கையால் எடுத்து, ஸ்வெட்டரில் துடைத்து, பொலித்தீன் பையில் போட்டு நீட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ரெஜிபோம் துண்டில் குத்தி வைப்பவர்களும் உண்டு. இரண்டுமே ஏற்றத்தைத் தேடிப்போய்க் கொடுப்பதுதான். "அண்ணே, வெள்ளிப் பையிலேயே தாங்க" என்று கேட்டு வாங்குங்கள். கழற்றிய பழைய கார்டையும் அதே பையில் போட்டு வைத்தால் இன்னொரு ரவுட்டருக்கு உதவும்.